‘ரப்பீஸை எடுத்துப் புது காங்கிரீட்டாத் தர்றோம் சார்’ என்று யாராவது வந்தால்...

போன மாதம் பக்கத்துத் தெருப் பையன் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். “அங்கிள், இது உங்க பழைய வீடுதானே?” சென்னை ரேடியல் ரோட்டை ஒட்டி, பள்ளிக்கரணைச் சதுப்பு ஓரத்தில் கொட்டிக் கிடந்த இடிபாட்டு மேடு. அதன் உச்சியில் ஒரு சிமெண்ட் பாளம், புடைப்பு எழுத்தில், நீல பெயிண்டில் “மயிலும் து”. எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் 1981-ல் அப்பா கொத்தனார் பக்கத்திலேயே நின்று எழுதி வாங்கிய “வேலும் மயிலும் துணை”யின் நடுத்துண்டு அது.

அந்தத் துண்டு இந்நேரம் ஜல்லியும் மணலுமாகி என் புது வீட்டில் கிடந்திருக்க வேண்டும். ரசீது அப்படித்தான் சொல்கிறது.

மடிப்பாக்கம் வீட்டை ஜனவரியில் இடித்தோம். பழைய வீடு இடிக்க நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை. தேக்குக் கதவு, ஜன்னல், கம்பிக்குக் கணக்குப் போட்டு இடிக்கிறவரே நமக்குத் தருவார். முதலில் வந்தவர் 1,10,000 சொன்னார். இரண்டாவது ஆள் பச்சை இலை போட்ட விசிட்டிங் கார்டோடு வந்தார். “மத்தவங்க ரப்பீஸை ஏரியில கொட்டுவாங்க சார். நாங்க பெருங்குடி பிளான்ட்டுல குடுத்து அரைச்சு, அதே மெட்டீரியல்ல உங்களுக்கு 100 பர்சென்ட் ரீசைக்கிள் காங்கிரீட் போட்டுத் தருவோம். ரூஃபுக்கே தாங்கும்.” அவர் கொடுத்தது 60,000. மீதி 50,000-ஐப் பிளான்ட் செலவுக்குக் கழித்துக்கொண்டாராம். அப்பா கட்டிய வீடே அரைபட்டு என் பேத்தி நடக்கிற தரையாகத் திரும்பி வரும் என்ற சபலம் எனக்கு. சரி என்றேன்.

22 டிப்பர் லோடு போனது. ஒரு லோடுக்குக்கூட எடைச்சீட்டு வரவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசியில் லேமினேட் செய்த சான்றிதழ் ஒன்று வந்தது. அதிலும் பச்சை இலை.

மார்ச்சில் கார் நிறுத்தும் இடத்துக்கும் பம்ப் ரூம் தரைக்கும் அவர் ஆட்களே எம்20 தரம் (எண் கூடினால் பலம் கூடும்) என்று சொல்லிக் கலவை போட்டார்கள். ஜல்லியைக் கொட்டும்போதே செங்கல் துண்டும் யாரோ வீட்டுக் குளியலறை நீல டைல்ஸும் கண்ணில் பட்டன. கேட்டதற்கு “ரீசைக்கிள்னா அப்படித்தான் சார் இருக்கும்” என்றார் அவர்களுடைய மேஸ்திரி. கலவை இறுகிக்கொண்டே வர, சித்தாள் ஓஸ் பைப்பை எடுத்து இரண்டு மூன்று தடவை தண்ணீர் அடித்தார். நான் அப்போது மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

நல்லவேளையாக அன்றைக்கு என் மச்சினன் வந்திருந்தான். ரெடிமிக்ஸ் கம்பெனியில் வேலை. ஒன்றும் பேசாமல், பலத்தைச் சோதிக்க அந்தக் கலவையில் ஆறு க்யூப் எடுத்து வைத்தான். அப்புறம் ஒரு பக்கெட் தண்ணீரில் வழக்கமான கருங்கல் ஜல்லி ஒரு கை போட்டான், ஒன்றும் ஆகவில்லை. இவர்கள் கொண்டுவந்ததில் ஒரு கை போட்டான். சோடா திறந்த மாதிரி குமிழி கிளம்பியது. “பழைய காரை ஒட்டியிருக்கு அத்தான், செங்கல் வேற. தண்ணியக் குடிச்சிட்டே இருக்கும். முன்னாடியே நனைச்சு வைக்காம போட்டா கலவை காஞ்சு போகும், இவங்க ஓஸைப் புடிப்பாங்க, ஸ்ட்ரெங்த் போயிடும்.”

28-ஆம் நாள் ரிப்போர்ட் வந்தது. பலம் 20 இருக்க வேண்டிய இடத்தில் சராசரி 11. அதற்குள் தரையே சொல்லிவிட்டது: பெருக்கப் பெருக்க மாவு, பைக் ஸ்டாண்டு நின்ற இடத்தில் குழி. பம்ப் ரூம் மூலையில் தரை உப்பி வெடித்திருந்தது. கொத்திப் பார்த்தால் ஃபால்ஸ் சீலிங் ஜிப்சம் துண்டுகள். ஜிப்சம் சிமெண்ட்டோடு சேர்ந்தால் உப்பத்தான் செய்யும் என்றான் மச்சினன். எங்கள் பழைய வீட்டில் ஃபால்ஸ் சீலிங்கே கிடையாது! அப்படியென்றால் எங்கள் தரையில் இருப்பது யார் வீடோ?

சுவரைத் தாங்கும் அடிமட்ட உத்திரமான பிளிந்த் பீமும் அவர்களிடமே கொடுப்பதாக இருந்தேன். நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். ஐ.எஸ். 383 என்ற தர விதியை 2016-ல் திருத்தி, மறுசுழற்சி ஜல்லிக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அளவோடு. கம்பி கட்டிய காங்கிரீட்டில் 20 சதவீதம் வரைதான், அதுவும் எம்25-க்கு மேல் போகக் கூடாது. கம்பி இல்லாத சாதா காங்கிரீட்டில் 25. இதெல்லாம் பழைய காங்கிரீட்டை மட்டும் பிரித்து அரைத்த ஜல்லிக்கு. செங்கல், டைல்ஸ் கலந்தது என்றால் எம்15-க்குக் கீழான, பலம் குறைந்த லீன் காங்கிரீட்டோடு சரி. ஆக, “100 பர்சென்ட், ரூஃபுக்கே” என்று வாயைத் திறந்த அன்றே ஆளை அனுப்பியிருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு மறுசுழற்சியே ஏமாற்று என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் நிஜமாகவே ஆலை இருக்கிறது. கம்பி, மரம், பிளாஸ்டிக்கைப் பிரித்து, நொறுக்கி, சலித்து எடுக்கிறார்கள். அந்த ஜல்லி பேவர் பிளாக்குக்கும் ரோட்டின் அடித்தளத்துக்கும் தாராளமாகப் போகும். நான் பெருங்குடிக்கே நேரில் போனேன். என் கையில் இருந்த லாரி நம்பர் எதுவும் உள்ளே வந்ததாகப் பதிவில்லை. உள்ளே வரும் வண்டி எடைமேடை ஏறாமல் போகாதாம். அந்தச் சீட்டைத்தான் ஒவ்வொரு லோடுக்கும் வாங்கியிருக்க வேண்டும். லேமினேட் செய்த காகிதத்தை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்.

இன்னொன்று. இடிபாட்டுக் கழிவு விதிகளின்படி இடிபாட்டை உரிய இடத்தில் சேர்க்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. “லாரிக்காரன் கொட்டிட்டான்” என்று நாம் கைகழுவ முடியாது. அதுவும் கொட்டியது எங்கே? உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புகளின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த சதுப்பில், அப்பா எழுதி வாங்கிய எழுத்தோடு. மாநகராட்சிப் புகார் எண் 1913-க்கு நானே போன் செய்து என் வீட்டு ரப்பீஸ் இங்கே கிடக்கிறது என்று புகார் கொடுத்தேன். எடுத்தவருக்கு முதலில் புரியவே இல்லை.

பச்சை இலைக்காரரையும் அழைத்தேன். போட்டோவைப் பார்த்துவிட்டுச் சற்றும் அசரவில்லை. “பள்ளத்தை ரொப்பறதும் ரீசைக்கிள்தான் சார்.” பணத்தைக் கேட்டதும் லைன் கட். ரசீதில் ஜி.எஸ்.டி. எண் இல்லை, விலாசம் என்று போட்டிருந்த இடத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. கழித்த 50,000, கலவைக்குக் கொடுத்த 74,000, இப்போது தரையை உடைத்து மறுபடி போடுகிற செலவு, எல்லாம் என் தலையில்.

நேற்று அதே ஆள் எங்கள் தெருவிலேயே நான்கு வீடு தள்ளி ஒரு மாமியின் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவர் கிளம்பியதும் போய் க்யூப் ரிப்போர்ட், போட்டோ எல்லாம் காட்டினேன். மாமி பொறுமையாகப் பார்த்தார். “ஆனா அவர் உங்களுக்கு அறுபதுதானே கொடுத்தார்? எனக்கு எழுபதுன்னு சொல்லியிருக்காரே” என்றார்.