பெரிய ஓவியத்துக்குப் பக்கத்தில் சின்னத் தாள்கள்

மத்ரித் நகரின் ரெய்னா சோபியா அருங்காட்சியகத்துக்கு எல்லோரும் பிக்காசோவின் 'குவெர்னிகா'வைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரம், எட்டு மீட்டருக்குச் சற்றே குறைவான அகலம். கூட்டம் அதன் முன்னால் முண்டியடிக்கிறது. பள்ளியில் ஓவியம் கற்பிக்கும் எனக்கோ, அதற்கான முன்வரைவுகளே விருந்து.

ஸ்பெயினின் குவெர்னிகா ஊரின் மீது விமானங்களிலிருந்து குண்டு விழுந்தது 1937 ஏப்ரல் 26. அந்த அழிவைத்தான் பிக்காசோ வரைந்தார். முதல் வரைவுகளின் தேதி மே 1. சின்ன நீலத் தாளில் பென்சில் அவசரமாக ஓடியிருக்கிறது. அதில் இருப்பது காளை என்று நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் சன்னலிலிருந்து விளக்கை நீட்டும் பெண் அப்போதே வந்துவிட்டாள். அவள் நீட்டிய கையின் கிடைக்கோடுதான் கடைசிவரை ஓவியத்தைத் தாங்குகிறது. அதே நாளில் வரைந்த ஒரு குதிரை, என் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரைவது போலவே இருக்கிறது. கை திறமை காட்டிவிடக் கூடாது என்று வேண்டுமென்றே அடக்கிய கோடு அது. மறுநாள் வரைந்த குதிரைத் தலையில் நாக்கு கூராகிவிடுகிறது. அங்கே பென்சில் தயங்கவே இல்லை.

மே 9 வரைவு ஒன்றில், இறந்த குழந்தையைச் சுமந்த தாய் ஏணியில் நிற்கிறாள். முடிந்த ஓவியத்தில் ஏணி இல்லை. நல்லவேளை, அது இருந்திருந்தால் கண் அங்கேயே சிக்கியிருக்கும்.

செவ்வாய் விடுமுறை. மற்ற வார நாட்களில் மாலை ஏழு மணிக்கு மேல் அனுமதி இலவசம், கூட்டமும் அதற்கேற்ப. நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் டிக்கெட் வாங்கிக் காலையிலேயே போய்விடுங்கள்.