காய்கறி நூடுல்ஸ்: எந்தச் சீவி, எந்தக் காய்க்கு?

எந்தக் காயை நூலாக இழுக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொண்டு சீவி வாங்கக் கடைக்குப் போங்கள். நான் நேர்மாறாகச் செய்தேன். அதனால்தான் இன்று வீட்டில் மூன்று சீவிகள் கிடக்கின்றன.

முதலில் வாங்கியது கைக்குள் அடங்கும் சுருள் சீவி. பென்சில் சீவும் அதே வேலைதான்: புனலுக்குள் காயை நுழைத்துத் திருக வேண்டும். பிஞ்சு வெள்ளரியும், வெள்ளரிபோல் இருக்கும் சுக்கினியும் சொன்னபடி கேட்கும். கேரட் கேட்காது. நுனி மெலிய மெலியப் புனலுக்குள் ஆடத் தொடங்கும், நூல் அறுந்து துணுக்குகளாக விழும். ஏறத்தாழ 4 செ.மீ. தடிமனாவது இருந்தால்தான் பிடிமானம். நான்கு பேருக்குத் திருகிப் பாருங்கள், மணிக்கட்டு உங்களைத் திட்டும். கடைசியில் காளான் குடைபோல மிஞ்சும் துண்டு சாம்பாருக்குப் போய்விடும். விலை குறைவு என்பதைத் தவிர இதற்காகப் பரிந்து பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

மேடைமேல் நிறுத்திக் கைப்பிடியைச் சுற்றும் ஸ்பைரலைசர் வேறு சாதி. முட்கள் காயை ஒரு பக்கம் குத்திப் பிடித்துக்கொள்ளும். தகட்டில் அழுத்தியபடி சுற்றினால் முழ நீளத்துக்குச் சுருள் சுருளாக வரும். பீட்ரூட், முள்ளங்கி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு போன்ற கெட்டியான சரக்குக்கு இதற்கு நிகரில்லை. நடுவிலுள்ள சிறு குழாய் காயின் மையத்தைத் தண்டாகத் தனியே தள்ளிவிடும். விதை வைத்த வெள்ளரிக்கு அது பெரிய வசதி. ஆனால் காய் நேராக இருக்க வேண்டும். வளைந்த காயைக் கொடுத்தால் நூலுக்குப் பதில் பிறைத் துண்டுகள்தான் விழும்.

இன்னொரு சிக்கலை அட்டைப்பெட்டியில் எழுதமாட்டார்கள். இதன் கால்களில் இருப்பவை ரப்பர் உறிஞ்சிகள். வழவழப்பான கிரானைட்டில் அட்டைபோல் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் முன்பு குடியிருந்த வீட்டில் சொரசொரப்பான கடப்பைக்கல் மேடை. அங்கே ஒட்டவே இல்லை. ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் சுற்றினோம், தெருமுனையில் கரும்புச்சாறு பிழிவதுபோல. பிளாஸ்டிக்கில் ஏறும் கேரட் கறைக்கும் சோப்பு அவ்வளவாகப் பயன்படாது. அந்த நிறம் எண்ணெயில் கரைவது. துளி எண்ணெய் தடவித் துடைத்தபின் கழுவினால் பெரும்பாலும் போய்விடும்.

மூன்றாவது, பல் வைத்த தோல்சீவி. ஜூலியன் பீலர் என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். சுருள் வராது, காயின் நீளத்துக்கு நேர் இழைகள்தான் வரும். வாயில் போட்டால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வளைந்த காய், ஒல்லிக் கேரட், சௌசௌ எதையும் இது மறுப்பதில்லை. விதை தெரிந்ததும் நிறுத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம். கரண்டிகளோடு சேர்ந்து கிடக்கும், தனி இடம் கேட்காது. காய் சிறுத்ததும் விரலுக்கு ஆபத்து. மிச்சத் துண்டை முள்கரண்டியால் குத்திப் பிடித்துச் சீவுங்கள். ஒன்றுதான் வாங்குவேன் என்பவருக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். வாரம் இரண்டு முறை, அதுவும் கிழங்கு வகையைச் செய்பவர் மட்டும் ஸ்பைரலைசருக்குச் செலவழிக்கட்டும்.

தட்டையான பலகையில் கத்தி பதித்த மாண்டோலின் சீவியை நான் வாங்கவில்லை. பப்பாளிக்காய்க்கும் மாங்காய்க்கும் அருமையான கருவி. ஆனால் கைக்காப்பு இல்லாமல் அதில் சீவுவது அரிவாள்மனையில் பழகிய கைக்கும் ஆகாது. தாய்லாந்தின் சாலட்டான சோம் தாமுக்குப் பப்பாளிக்காயைக் கையில் ஏந்தி, கத்தியால் நெடுக்கே கொத்திக் கொத்தி, மேலாகச் சீவிவிடுவார்கள். ஜப்பானியச் சமையல்காரர்கள் வெள்ளை முள்ளங்கியைச் சுற்றிச் சுற்றிக் காகிதம்போல் உரித்து, அடுக்கி, மெல்லிய இழைகளாக நறுக்குவார்கள். இரண்டுக்கும் ஒரு கத்தி போதும். பழகுவதற்கு ஆகும் நாட்களுக்குத்தான் கணக்கில்லை.

எதில் சீவினாலும் சுக்கினியில் ஏறத்தாழ 95 விழுக்காடு தண்ணீர்தான். உப்புத் தூவிக் கால் மணி நேரம் வடியவிட்டு, துணியில் ஒற்றியெடுத்து, சூடான வாணலியில் இரண்டு நிமிடம் புரட்டினால் போதும். தக்காளிக் குழம்பைத் தனியாகக் கெட்டியாகச் சுண்டவைத்து, தட்டில் வைக்கும்போது மேலே ஊற்றுங்கள். முன்னதாகவே கலந்து வைத்துவிட்டால் பரிமாறுவதற்குள் ரசமாகிவிடும்.