இஸ்தான்புல் வாபூர்: தனியாக வந்தவரின் கடைசி நாட்களுக்கு

இஸ்தான்புல்லை விட்டுக் கிளம்ப ஓரிரு நாள்தான் இருக்கிறது, பார்க்க வேண்டிய இடங்கள் இன்னும் ஆறேழு மிச்சம், கூட யாரும் இல்லை. இந்த நிலைமையில் இருப்பவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு வாபூரில் ஏறுங்கள். மாநகராட்சியின் ஷெஹிர் ஹட்லரி நிறுவனம் ஓட்டும் பயணிகள் கப்பலைத்தான் அங்கே எல்லோரும் வாபூர் என்கிறார்கள். ஐரோப்பியக் கரைக்கும் ஆசியக் கரைக்கும் நடுவே வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், காய்கறிப் பையோடு வீடு திரும்பும் பாட்டிகள் என்று ஊரே அதில்தான் போய் வருகிறது. நகரப் பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் பயன்படும் அதே இஸ்தான்புல்கார்ட்டைத் தட்டினால் போதும். கட்டணம் அடிக்கடி மாறுவதால் தொகை சொல்லவில்லை, ஆனால் சுற்றுலாப் படகுகள் கேட்பதோடு பார்த்தால் மிகச் சொற்பம்.

தனியாகப் பயணம் செய்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் தெரிந்திருக்கும். நல்ல உணவகத்துக்குப் போனால் ஒரு ஆளுக்கு மேசையா என்று ஒரு கணம் யோசிப்பார்கள், பூங்காவில் உட்கார்ந்தால் ஜோடிகளும் குடும்பங்களும், அறைக்குத் திரும்பினால் நான்கு சுவர். வாபூரில் அந்தச் சங்கடமே இல்லை, ஏனென்றால் அதில் பாதிப் பேர் தனியாக வந்தவர்கள்தான். கப்பலின் இரண்டு பக்கமும் வெளிப்புறமாக நீள நீளமாக பெஞ்சுகள் இருக்கும், எல்லோரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், பேசினால் பேசலாம், பேசாவிட்டால் யாரும் ஒன்றும் நினைக்கப் போவதில்லை. ஒரு மாலை பக்கத்தில் இருந்த அம்மா தன் சிமித்தைப் பிட்டு எனக்குப் பாதி நீட்டி "ஹிந்திஸ்தான்?" என்றார், நான் தலையாட்டினேன், அதற்கு மேல் எங்களுக்குள் மொழி இல்லை, கரை வரும்வரை இருவரும் அந்த எள் ஒட்டிய ரொட்டி வளையத்தைத் தின்றுகொண்டு வந்தோம். ஊரை விட்டுப் போகும் நேரத்தில் எனக்கு வேண்டியிருந்தது அதுதான், ஊர்க்காரர்களோடு ஊர்க்காரர்கள் போகும் வழியில் போவது.

ஒரே ஒரு தடத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் ஆசியக் கரையிலுள்ள காடிகோய் என்ற பகுதியிலிருந்து ஐரோப்பியக் கரையின் எமினோனு துறைக்குப் போகும் வாபூர், அதுவும் சூரியன் இறங்கும் நேரத்தில். சுமார் 20 முதல் 25 நிமிடம். கப்பல் கிளம்பும்போது முதலில் வலப்பக்கம் ஹைதர்பாஷா ரயில் நிலையம், 1908-ல் ஜெர்மானியக் கட்டடக் கலைஞர்கள் கட்டியது, தண்ணீரை ஒட்டியே நிற்கும் பெரிய மாளிகை மாதிரி. அதற்கு முன்னால் உள்ள அலைதடுப்புச் சுவரில் நீர்க்காகங்களும் கடற்காகங்களும் வரிசையாக உட்கார்ந்திருக்கும், அதைப் பார்த்துவிட்டு இடப்பக்கத்துக்கு வந்துவிடுங்கள். அங்கிருந்து மர்மரா கடலின் மேல் பழைய நகரம் முழுவதும் தெரியும். நீல மசூதியின் ஆறு மினார்கள், ஹாகியா சோபியா, தோப்காபி அரண்மனை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளிச்சத்துக்கு எதிரே கருத்து நிற்கும். இவற்றுக்குள் போய்ப் பார்க்க வரிசையில் மணிக்கணக்கில் நின்றிருப்பீர்கள். அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு அருகில், எந்த மேட்டின் மேல், கடலை எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன என்பது கப்பலிலிருந்துதான் புரிகிறது. அப்புறம் கப்பல் சராய்புர்னு முனையைச் சுற்றி, ஐரோப்பியக் கரைக்குள் நுழையும் ஹாலிச் என்ற கடல் கழிக்குள் திரும்பும்போது, மலைமேல் சுலைமானியே மசூதியும் கரையில் எனி ஜாமி மசூதியும் எதிரே வரும். இதே கடலுக்கு அடியில் 2013-ல் திறந்த மர்மராய் ரயில் ஆசியக் கரையின் உஸ்குதாரிலிருந்து சில நிமிடங்களில் உங்களை அக்கரை சேர்த்துவிடும், அவசரம் என்றால் அதில் போங்கள், நல்ல சேவைதான். ஆனால் கடைசி நாளில் என்ன அவசரம்?

தேநீரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இடை சிறுத்த சின்னக் கண்ணாடி டம்ளரில், பால் இல்லாமல், நல்ல சிவப்பாக, இரண்டு சர்க்கரைக் கட்டியோடு வரும். கப்பலுக்குள்ளேயே சிறு கடை இருக்கிறது, தட்டில் வைத்து எடுத்துக்கொண்டும் வருவார்கள். நம்மைப் போலப் பால் தேநீருக்குப் பழகியவர்களுக்கு முதல் மிடறு கொஞ்சம் கசக்கும், காற்றில் உட்கார்ந்து குடிக்கும்போது அடுத்த டம்ளர் தானாகக் கேட்கத் தோன்றும். குளிர்காலமாக இருந்தால் சாலெப் கேளுங்கள், ஆர்க்கிட் கிழங்கு மாவு சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சிய சூடான பால், மேலே பட்டைத் தூள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு சிமித்தும் தேநீரும் ஒரு வேளைக்குத் தாராளமாகப் போதும். சிமித்தைக் கையில் வைத்திருந்தால் கடற்காகங்கள் கப்பலோடு கூடவே பறந்து வரும், பிள்ளைகள் துண்டு துண்டாக வீசுவார்கள், அவை காற்றிலேயே கவ்விக்கொள்ளும்.

நேரம் இருப்பவர்கள் எமினோனுவிலிருந்து கிளம்பும் நீண்ட போஸ்பரஸ் நீரிணைப் பயணத்தில் கருங்கடல் வாயிலுக்குப் பக்கத்திலுள்ள அனடோலு காவாக் வரை போகலாம். போய், மேலே உள்ள யோரோஸ் கோட்டையைப் பார்த்து, அதே கப்பலில் திரும்ப ஏறக்குறைய முழு நாள் ஆகும். நீரிணை மிகவும் குறுகுவது ருமேலி ஹிசார் கோட்டைக்கு அருகே, சுமார் 700 மீட்டர்தான். 1452-ல் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத் அந்தக் கோட்டையை ஏன் அங்கே கட்டினார் என்பது கப்பல் அந்த இடத்தைக் கடக்கும்போது யாரும் சொல்லாமலே விளங்கிவிடுகிறது. தண்ணீரை உரசிக்கொண்டு கூட்டமாகப் பறக்கும் சிறிய பறவைகள் கண்ணில் பட்டால் அவை எல்கோவான்கள், நீரிணையில் மேலும் கீழுமாகப் பறந்துகொண்டே இருக்கும். ஓங்கில்களும் உண்டு. கான்லிஜா என்ற ஊரின் தயிர் பேர் பெற்றது, மேலே மாவுச் சர்க்கரை தூவித் தருவார்கள், தவறவிடாதீர்கள். இதே வழியில் ஒருமுறை ஒரு தனியார் சுற்றுலாப் படகில் போனேன், ஆள் சேரும்வரை கிளம்பவே இல்லை, கிளம்பியதும் ஒலிபெருக்கி ஒரு நிமிடம்கூட ஓயவில்லை, கடல் சத்தம் காதில் விழவே விடவில்லை. ஆகவே கரையில் கூவி அழைப்பவர்களைத் தாண்டி நேராக மாநகராட்சியின் கப்பல் துறைக்குப் போங்கள்.

அதிர்ஷ்டம் இருந்தால் பாஷாபஹ்சே கப்பலும் கண்ணில் படலாம். 1952-ல் இத்தாலியின் தாரந்தோவில் கட்டியது, கைவிடப்பட்டு அழிவை நெருங்கியிருந்ததைச் சீர்செய்து 2022-ல் மறுபடி ஓடவிட்டார்கள். பழைய கப்பலை உடைத்து விற்காமல் காப்பாற்றிய ஊர் என்பதே எனக்கு இந்த நகரத்தின் மேல் பிரியம் கூட ஒரு காரணம்.

குறைகளும் உண்டு. லோதோஸ் என்ற தெற்குக் காற்று பலமாக வீசினாலோ மூடுபனி இறங்கினாலோ சேவையை நிறுத்திவிடுவார்கள், விமானம் பிடிக்க வேண்டிய நாளில் இதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. அலுவலகம் விடும் நேரத்தில் வெளிப்பக்க பெஞ்சு கிடைப்பது கடினம், கதவு திறக்கும் முன்பே முன்னால் போய் நிற்க வேண்டும். இரவு கடைசிக் கப்பல் எத்தனை மணிக்கு என்று பலகையில் பார்த்துவிட்டு அக்கரைக்குப் போங்கள், தடத்துக்குத் தடம் அது மாறுகிறது.

கடைசியாக ஒரு யோசனை. கடைசி இரவுகளுக்கு அறையைக் காடிகோய் பகுதியில் போடுங்கள். சந்தைத் தெருக்கள், மீன் கடைகள், மோதா கடற்கரையில் பாறைமேல் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்க்கும் கூட்டம், எல்லாம் நடக்கும் தூரம், துறையோ சந்தை முடியும் இடத்திலேயே. உங்கள் விமானம் சபிஹா கோக்சென்னிலிருந்து என்றால் இன்னும் வசதி, காடிகோயிலிருந்து எம்4 மெட்ரோ 2022 முதல் நேராக அந்த விமான நிலையத்துக்கே போகிறது, சுமார் ஒரு மணி நேரம். ஆக, மதிய விமானம் என்றால்கூடக் காலையில் ஒருமுறை எமினோனு வரை போய் ஒரு டம்ளர் தேநீர் குடித்துவிட்டுத் திரும்ப நேரம் இருக்கும். கார்டில் அந்த இரண்டு பயணத்துக்கும் மெட்ரோவுக்கும் வேண்டிய பணத்தை முந்தின இரவே போட்டு வைத்துக்கொள்ளுங்கள், காலையில் துறையிலுள்ள இயந்திரத்தின் முன் வரிசை நீளமாக இருக்கும்.