தேதி இல்லாத ஐபி பட்டியலுக்குப் பணம் கொடுக்காதீர்கள்

தீங்கிழைக்கும் ஐபி முகவரிகளை ஆண்டுச் சந்தாவுக்கு விற்கும் ஒரு நிறுவனம் எங்களை ஏமாற்றிவிட்டது. நெட்வொர்க் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் வேறு யாரும் இதில் சிக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். உலகம் முழுக்கச் சொந்தமாக ஹனிபாட் பொறிகள் (தாக்குபவர்களை ஈர்த்துக் கண்டுபிடிக்க வைக்கும் போலி சர்வர்கள்) வைத்திருப்பதாகவும், தாக்குபவர்களின் முகவரிகளை உடனுக்குடன் தருவதாகவும் அவர்களுடைய பிரதிநிதி உறுதி சொன்னார்.

பட்டியலை, வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலில் இணைத்ததும் எங்கள் சர்வரால் பணம் பெறும் சேவையைத் தொடர்புகொள்ள முடியவில்லை. அந்தச் சேவை ஒரு சிடிஎன் (பல தளங்களின் பக்கங்களைப் பயனர்களுக்கு அருகிலிருந்து வேகமாகத் தரும் சர்வர் வலையமைப்பு) முகவரிக்குப் பின்னால் இருந்தது. அத்தகைய ஒரே முகவரியை ஏராளமான தளங்கள் பகிர்ந்துகொள்ளும். அவற்றில் ஒன்று கெட்டது என்பதற்காக முகவரியையே தடுத்தால் எல்லாமே முடங்கும். மொபைல் இணைப்புகளிலும் இதே சிக்கல்தான்: பல சந்தாதாரர்கள் ஒரே ஐபியில் வெளியே வருகிறார்கள். ஒருவரின் போனில் மால்வேர் புகுந்தால் மற்றவர்களுக்கும் கதவு அடைபடும்.

பட்டியலைத் திறந்து பார்த்தபோது கோபம்தான் வந்தது. தளப் பெயர்களுக்குரிய ஐபி முகவரிகளைத் தேடித் தரும் கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வரான 8.8.8.8 அதில் இருந்தது. 192.0.2 என்று தொடங்கும் முகவரிகளும் இருந்தன. அவை ஆவணங்களில் உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை, இணையத்தில் யாருக்கும் வழங்கப்படாதவை. எந்த ஹனிபாட்டில் இவை விழுந்திருக்கும்? மீதியில் பெரும்பகுதி, தீங்கான முகவரிகளைத் தொகுக்கும் ஃபியோடோ டிராக்கரும் ஸ்பாம்ஹாஸின் டிராப் பட்டியலும் இலவசமாக வெளியிடுபவை. பயனரின் முகவரியை மறைக்கும் டோர் வலையமைப்பிலிருந்து இணையத்துக்கு வெளியேறும் முனைகளைக்கூட விடவில்லை. அவற்றை டோர் திட்டமே பகிரங்கமாகத் தருகிறது.

இவற்றைவிட மோசமானது, எந்த முகவரிக்கும் தேதியே இல்லாதது. முதலில் எப்போது தென்பட்டது, கடைசியாக எப்போது, என்ன செய்தது என்று எதுவும் இல்லை. எமோடெட் பாட்நெட்டை (மால்வேர் புகுந்த கணினிகளின் கூட்டத்தை) இயக்கிய கட்டளைச் சர்வர்களைப் பல நாட்டுக் காவல்துறைகள் 2021 ஜனவரியில் கைப்பற்றின. அதற்கு முன்பே பொதுப் பட்டியல்களில் வந்துபோன முகவரிகள் இங்கே இன்னும் ‘அதிக ஆபத்து’ என்ற குறியோடு நின்றன. வாடகை சர்வரின் ஐபி கைமாறிக்கொண்டே இருக்கும். நேற்று திருடனிடம் இருந்தது இன்று ஒரு பள்ளியின் தளத்துக்குப் போயிருக்கலாம். தாக்குபவன் மிக எளிதாக மாற்றிக்கொள்ளும் அடையாளங்களில் ஐபியும் ஒன்று.

புகார் செய்தோம். கூடுதல் கட்டணம் கட்டினால் ‘உயர்தரப் பட்டியல்’ தருவதாகப் பதில் வந்தது. பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள்.

வாங்குவதற்கு முன் மாதிரிப் பட்டியல் கேளுங்கள். அதை இலவசப் பட்டியல்களோடு ஒப்பிட்டு, புதிதாக எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். தாக்குதல் தகவல்களைப் பகிர உதவும் மிஸ்ப் மென்பொருளோடு கிடைக்கும் எச்சரிக்கைப் பட்டியல்களோடு (தவறாகத் தடுக்கப்படக்கூடிய பொதுவான முகவரிகளின் பட்டியல்களோடு) ஒப்பிட்டால் 8.8.8.8 போன்ற தவறுகள் உடனே தெரிந்துவிடும். தொடக்கத்தில் எதையும் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யுங்கள். தவறான முகவரியை எத்தனை மணி நேரத்தில் நீக்குவார்கள், நீக்காவிட்டால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை என்பதைத்தான் அவர்கள் கடைசிவரை காரணமாகச் சொன்னார்கள்.