"நாலு இன்ஜெக்டரும் போச்சு" என்றால் உடனே பணம் கட்டாதீர்கள்

பழைய காமன் ரெயில் டீசல் கார் (ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும், அதாவது எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகங்களுக்கு, டீசல் போகும் வண்டி) வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.

என் 2010 மாடல் வண்டியில் வந்த கோளாறு இதுதான். இரண்டாவது, மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து ஊர்ந்து போனால் விட்டு விட்டு இழுக்கும். 1,300 முதல் 1,800 ஆர்பிஎம் வரைதான் இந்தக் குலுக்கல். நன்றாக அழுத்தினால் போய்விடும். பைபாஸில் ஒன்றுமே தெரியாது. சேலம் ஐந்து ரோடு நெரிசலில் மட்டும் பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தே கொன்றுவிடுவார்.

ஊரில் பெயர் வாங்கிய ஓர் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஸ்கேனரைச் செருகினார்கள், உடனே தீர்ப்பு: "நாலு இன்ஜெக்டரும் போச்சு சார். இப்படியே ஓட்டினா பம்பும் போயிடும்." புது ஒரிஜினல் இன்ஜெக்டர், கூலி எல்லாம் சேர்த்து 52,000 ரூபாய். பில் கேட்டால், "ஜிஎஸ்டி போட்டா உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று வெள்ளைத்தாளில் எழுதித் தந்தார்கள். கழற்றிய பழையது எங்கே என்றால், ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம்.

வெளியே எடுத்த அன்றே அதே குலுக்கல். "ஈசியூ செட் ஆகணும், கொஞ்ச நாள் ஓட்டுங்க" என்றார்கள். ஈசியூ என்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி. ஓட்டிவிட்டுத் திரும்பப் போனால் இப்போது கிளட்ச், ஃப்ளைவீல் மாற்ற வேண்டுமாம்! அதோடு அங்கே போவதை விட்டேன்.

சங்ககிரியில் லாரிக்காரர்கள் போகும், டீசல் பம்பும் இன்ஜெக்டரும் பழுது பார்க்கும் ஒரு கடைக்குப் போனேன். பெரியவர் முதலில் கேட்டது, "காலையில ஒரே செல்ஃப்ல எடுக்குதுங்களா?" என்பதுதான். டீசல் லைனில் காற்று இழுத்தால் இரவு நின்ற வண்டி காலையில் எடுக்கச் சிரமப்படும். என் வண்டிக்கு அது இல்லை. அடுத்து, எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் நான்கு பாட்டிலில் விட்டார். ஏதாவது ஒன்றில் மட்டும் டீசல் வேகமாக நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் கசிகிறது என்று அர்த்தம். நான்கும் ஏறக்குறைய ஒரே மட்டம். இன்ஜெக்டரைக் கழற்றாமலே முடிகிற சோதனை இது. முதல் ஒர்க்‌ஷாப்பில் யாரும் செய்யவில்லை.

கடைசியாக ஈஜிஆர் வழியைத் தற்காலிகமாக ஒரு தகடு வைத்து அடைத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். குலுக்கல் காணாமல் போனது. லேசாக மிதித்து ஓட்டும்போது புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுவதுதான் ஈஜிஆர் வால்வின் வேலை. கரி படிந்து ஒட்டிக்கொண்டால் மூட வேண்டிய நேரத்தில் மூடாது. டர்போ இன்னும் காற்றைத் தள்ள ஆரம்பிக்காத அந்த ஆர்பிஎம்மில் எஞ்சின் மூச்சுத் திணறுகிறது. வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்டிக் கழுவி மாட்டினார். 1,800 ரூபாய். தகட்டை எடுத்துவிட்டார், நிரந்தரமாக அடைத்துத் தருகிறேன் என்பவர்களிடம் ஏமாறாதீர்கள், புகை விதிக்கு அது ஆகாது.

இனிதான் முக்கியமான விஷயம். போஷ் இன்ஜெக்டர்களின் தலையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வேறு. புதிதாக மாட்டினால் அதை ஈசியூவில் ஏற்ற வேண்டும். பெரியவர் படித்துச் சொன்ன நான்கு குறியீடுகளை, போன வருடம் வேறு இடத்தில் எடுத்த ஸ்கேன் தாளோடு ஒப்பிட்டேன். எழுத்துப் பிசகாமல் அதேதான். 52,000 ரூபாய்க்கு என் இன்ஜெக்டரைத் துடைத்து எனக்கே மாட்டியிருக்கிறார்கள்.

எனவே வண்டியை விடும் முன்பே குறியீடுகளைப் போட்டோ எடுத்து வையுங்கள். ரிட்டர்ன் டெஸ்ட்டை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். கழற்றிய பாகம் கைக்கு வராமல் பணம் தராதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்தாயிற்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் மனு போடலாம். பணத்தை யுபிஐயில் அனுப்பியதால் அந்தப் பதிவும், வெள்ளைத்தாளும், ஸ்கேன் தாளும் கையில் இருக்கின்றன. அடுத்த வாரம் மனு கொடுக்கிறேன்.