'பிளாக் பவுடர்' விதிநூலில் வந்தவாசிப் போர்

1760 ஜனவரி 22 அன்று வந்தவாசிக் கோட்டையருகே லாலியின் பிரெஞ்சுப் படையும் அயர் கூட்டின் ஆங்கிலேயப் படையும் மோதிய போரைக் கிளிநொச்சியில் ஒரு மேசைமீது சிற்றுருவப் படைகளை நகர்த்தி ஆட்டமாக நடத்திப் பார்க்க விரும்புபவருக்கு, ரிக் பிரீஸ்ட்லியும் ஜெர்விஸ் ஜான்சனும் எழுதி வார்லோட் கேம்ஸ் நிறுவனம் 2009 இல் வெளியிட்ட 'பிளாக் பவுடர்' விதிநூலைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். 18ஆம், 19ஆம் நூற்றாண்டுப் போர்கள் அனைத்துக்குமான பொதுவிதிகளே அதில் உள்ளதால், வந்தவாசியின் நிலத்தையும் படைகளின் தரத்தையும் விளையாடுபவரே வரலாற்றைப் படித்து வகுத்துக்கொள்ள வேண்டும்.

இந்நூலின் உயிர்நாடி கட்டளை விதிதான். ஒரு படைப்பிரிவு என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அதன்பின் இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை தளபதியின் தரத்தை, பெரும்பாலும் அது எட்டு, தாண்டிவிட்டால் படை நின்ற இடத்திலேயே நிற்கும். அந்தத் தளபதி அச்சுற்றில் வேறு எவருக்கும் கட்டளையிடவும் முடியாது. தரத்தைவிட மூன்றோ அதற்கு மேலோ குறைவாக விழுந்தால் அதே படை மூன்று நகர்வுகள் பாய்ந்து செல்லும். லாலியாக விளையாடிய என் மருமகன், "குதிரைப்படை ஆங்கிலேயரின் இடப்பக்கத்தைத் தாக்கட்டும்" என்று கம்பீரமாகச் சொல்லிப் பகடையை உருட்ட, பத்து விழுந்தது. "அப்ப நிக்கிறதுதானா, மாமா?" என்றான். அன்று நடந்ததும் அதுவே. லாலி முன்னின்று அழைத்தபோது அவருடைய குதிரைவீரர் முதலில் பின்தொடர மறுத்தனர். பிறகு அவர்கள் புறப்பட்டபோது ஆங்கிலேயப் பீரங்கிகள் அவர்களைச் சிதறடித்தன. கட்டளை போய்ச் சேராத தளபதியின் தவிப்பை வரலாற்று நூல்களில் வாசிப்பதைவிட இந்த விதி நன்றாக உணர்த்துகிறது.

போரின் நடுப்பகுதியும் ஏறத்தாழ உண்மைக்கு நெருக்கமாகவே வருகிறது. பிரெஞ்சுத் தரப்பின் லொரேன் படைப்பிரிவு ஒடுங்கிய நெடுநிரையாகப் பாய்ந்து வந்தபோது, அயர் கூட்டின் படையினர் நீள்வரிசையில் நின்று, அது மிக அருகே வரும்வரை பொறுத்திருந்து சுட்டனர் என்பது வரலாறு. விதிநூலில் தாக்கப்படும் வரிசைக்கு, எதிரி மோதுமுன் ஒருமுறை சுடும் உரிமை உண்டு. நிரைக்கோ இழப்பைத் தாங்கும் உறுதி சற்றுக் கூடுதல். ஆகவே லொரேன் பலமுறை உடைந்தோடினாலும் எப்போதாவது ஊடுருவியும் விடுகிறது. அந்த நிச்சயமின்மையே ஆட்டத்தைச் சலிக்காமல் வைத்திருக்கிறது.

குறையொன்று உண்டு. பிரெஞ்சு இடப்பக்கத்துக் குளத்தோர அரணில் வெடிமருந்து வண்டி வெடித்து, அங்கிருந்தோர் சிதறியதே போரின் திருப்பம். அத்தகைய விபத்துக்கு விதிநூலில் இடமில்லை. அந்த அரணை நோக்கிச் சுடும் பீரங்கியின் பகடைகள் எல்லாம் ஆறாக விழுந்தால் வண்டி வெடித்ததாகக் கொள்வோம் என்று நாங்களே ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டோம். அதேபோல், அன்று இரு தரப்பிலும் இருந்த இந்தியச் சிப்பாய்களில் பெரும்பாலோர் போரில் பெரிதாக ஈடுபடவில்லை. மேசையில் அவர்களைத் தாராளமாக முன்னே தள்ளுபவர் விளையாடுவது வேறொரு போரை என்றே சொல்ல வேண்டும்.

நூல் எதிர்பார்க்கும் பன்னிரண்டடி நீள மேசையும் வண்ணம் தீட்டிய சிற்றுருவங்களும் வன்னியில் எளிதில் கிடைக்கக்கூடியவை அல்ல. அங்குலத்தைச் சென்ரிமீற்றராக மாற்றிவிட்டால் துப்பாக்கியின் எல்லை பதினெட்டுச் சென்ரிமீற்றராகச் சுருங்கும். பள்ளி அடிமட்டம் ஒன்றே அளவுகோலாகிவிடும். பெட்டி மட்டையை வெட்டிப் பிரெஞ்சுக்காரருக்கு வெள்ளையும் ஆங்கிலேயருக்குச் சிவப்பும் பூசினால் போதும். இழப்புகள் படைப்பிரிவு வாரியாகக் குறிக்கப்படுவதால் தனித்தனி உருவங்களை அகற்ற வேண்டியதில்லை. நூலின் ஆங்கிலம் அரட்டைத் தொனியில் நீள்வதால், விதி ஒன்றைத் தேடியெடுக்கப் பொறுமை வேண்டும்.

1803 அக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரால் தோற்கடிக்கப்பட்ட மோதலை நடத்தும் எண்ணத்தோடு இதை வாங்க நினைப்பவர்கள் எங்கள் பக்கத்தில் சிலர் இருக்கக்கூடும். பட்டாலியன்களை நகர்த்துவதற்கென்று எழுதப்பட்ட இவ்விதிகள் காட்டுக்குள் சிறு குழுக்களின் மோதலுக்குப் பொருந்தா. அவர்கள் ஒவ்வொரு வீரனையும் தனியே நகர்த்தும் சிறுமோதல் விதிநூல் ஒன்றைத் தேடுவதே நல்லது.