பதினாறு மாதப் புரோபயாடிக்: வயிறு சரி, பெட்டிதான் சரியில்லை

போன வாரம் சித்தி மகள் போன் செய்தாள். "அண்ணா, நீங்க சாப்பிடுற அந்தப் புரோபயாடிக் விலை குறைஞ்சிருக்காம். டென்ஷனுக்கு நல்லதுன்னு பெட்டியிலேயே போட்டிருக்கு. வாங்கட்டுமா?" குடலுக்கு நல்லது என்று சொல்லி விற்கிற, உயிருள்ள பாக்டீரியா அடைத்த அந்தக் கேப்ஸ்யூலைப் பதினாறு மாதமாக ராத்திரிக்கு ஒன்று விழுங்குகிற எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவளுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குக் கணக்குப் பிரிவில் வேலை. மார்ச் மாதம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும் என்பது எங்கள் ஆபீசில் வெறும் பேச்சு இல்லை. காலையில் மூன்று முறை கழிவறை, பஸ் ஏறியதும் நான்காவது முறைக்கு முட்டும். குடல் டாக்டர் ஸ்கோப் போட்டுப் பார்த்துவிட்டு, "குடல்ல ஒண்ணுமில்ல, ஐபிஎஸ்தான் (IBS)" என்றார். குடலில் கோளாறு எதுவும் கண்ணுக்குத் தெரியாமலே வயிறு அடிக்கடி கலங்குகிற தொல்லை அது. மனநல டாக்டரையும் பார்க்கச் சொன்னார். அவர் கொடுத்த மாத்திரை தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கேப்ஸ்யூல் அதோடு கூடச் சேர்ந்தது, அதற்குப் பதிலாக அல்ல.

முதல் பத்து நாள் வயிறு டமாரம் மாதிரி உப்பிக்கொண்டது. நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன். மூன்றாவது மாதம் ஒரு காலை, எட்டு இருபது இருக்கும், பஸ் ஸ்டாப்பில் நின்று வறுகடலை கொறித்துக்கொண்டிருந்தேன். பாதிப் பொட்டலம் காலியான பிறகுதான் உறைத்தது: பக்கத்தில் கழிவறை எங்கே இருக்கிறது என்று இன்றைக்கு நான் கண்ணால் தேடவே இல்லை. வீட்டுத் தினசரி காலண்டரில் வயிறு கலங்கிய நாட்களுக்கு 'க' போட்டு வைப்பேன். ஆரம்பித்த மாதம் 11 'க'. ஐந்தாவது மாதம் 3.

ஆனால் அதே சமயத்தில்தான் மாலை டீ இரண்டை விட்டேன், பதினொரு மணிக்குள் படுக்கவும் ஆரம்பித்தேன். நடுவில் மூன்று வாரம் கடையில் சரக்கு இல்லை. கேப்ஸ்யூல் இல்லாமலே நன்றாகத்தான் இருந்தேன். பாராட்டு யாருக்குப் போக வேண்டும் என்று எனக்கே தெரியாது.

இதெல்லாம்கூடப் போகட்டும். என் எரிச்சல் பெட்டி மேல். முன்பக்கம் சிரிக்கிற குடலும் அதைக் கட்டிப்பிடித்திருக்கும் மூளையும். பின்பக்கம், "செரோட்டோனினில் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது." உண்மைதான். மூளையில் மனநிலையோடு சம்பந்தப்பட்ட ரசாயனம் அது. ஆனால் குடலில் உருவாகும் செரோட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது, நடுவே தடுப்புச் சுவர் இருக்கிறது. இந்த அடுத்த வரியை மட்டும் அச்சடிக்க மறந்துவிட்டார்கள்.

அப்புறம் பாக்டீரியா பெயர். 'லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ்' என்று போட்டு நிறுத்திவிட்டார்கள். தெருப் பெயர் இருக்கிறது, கதவு எண் இல்லை: அந்த இனத்துக்குள் எந்த வகை (ஸ்ட்ரெயின்) என்று சொல்லவில்லை. அந்தத் தெருவில்தான் குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஜிஜி இருக்கிறது, ஜேபி-1 என்று வேறொன்றும் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. 2011-இல் அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் எலிகளுக்கு ஜேபி-1 கொடுத்தார்கள். எலிகளின் பதற்றம் குறைந்தது. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பை வெட்டினால் அந்தப் பலன் காணாமல் போனது. குடல் மூளையோடு பேசும் கம்பி இதுதான் என்று உலகமே பரவசப்பட்டது. அங்கேயே ஆரோக்கியமான ஆண்கள் 29 பேருக்கு அதே ஜேபி-1-ஐக் கொடுத்துப் பார்த்தபோது வெற்று மாத்திரையைவிட ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை. 2017-இல் அதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள்.

இன்னொரு பாக்டீரியா ஜோடி உண்டு: ஹெல்வெட்டிகஸ் ஆர்0052, லாங்கம் ஆர்0175. ஈரானில் மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு எட்டு வாரம் சேர்த்துக் கொடுத்ததில் கொஞ்சம் பலன் தெரிந்தது. நியூசிலாந்தில் மருந்து எடுக்காத, மனம் சோர்ந்த 79 பேருக்கு அதே எட்டு வாரம் கொடுத்ததில் வித்தியாசமே இல்லை. கதவு எண் வரை தெரிந்தும் இந்த நிலை. எண்ணே இல்லாத பெட்டிக்கு மூளைப் படம் எதற்கு? கம்பெனிக்கு மூன்று மெயில் போட்டேன். 'உயர்தர ஸ்ட்ரெயின்' என்று ஒரு பதில் வந்தது, நன்றி சொல்லிவிட்டார்கள்.

அம்மா தன் பங்குக்கு, "பழைய சோத்துல இல்லாததா? இதுக்கு அறுநூத்தி நாப்பதா?" என்கிறாள். பழைய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியா உண்டுதான். (இட்லி மாவிலும் உண்டு, ஆனால் கொப்பரையில் வேகும்போது எல்லாம் காலி.) பழைய சோற்றுக்கும் கதவு எண் கிடையாதே என்று கேட்கலாம். அது தன் மேல் மூளைப் படம் போட்டுக்கொண்டு வரவில்லை, அதனால் அதன் மேல் எனக்குக் கோபமில்லை.

விலை குறைந்ததைப் பார்க்க நேற்று கடைக்குப் போனேன். 640 இருந்தது 480 ஆகியிருக்கிறது. அதே பெயர், அதே சிரிக்கும் குடல். திருப்பிப் பார்த்தால் பழைய பெட்டியில் நான்கு பாக்டீரியா, இதில் ஆறு. பழைய நான்கில் இரண்டைக் காணோம், புதிதாக நான்கு சேர்ந்திருக்கிறது. 'புதிய கலவை' என்று ஒரு வரிகூட இல்லை. மிச்சம் இருக்கும் இரண்டும் பழைய அதே இரண்டுதானா? எண் இருந்தால்தானே தெரியும். கடைக்காரரிடம் காட்டினேன். "அதிகமாத்தானே குடுக்கிறாங்க சார்" என்றார்.

ஆக, எனக்கு ஒத்துக்கொண்டது இப்போது கடையிலேயே இல்லை. சித்தி மகளிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். டென்ஷன் ரொம்ப இருந்தால் முதலில் டாக்டரைப் பார் என்றும் சொன்னேன். "அப்ப நீங்க நிறுத்திட்டீங்களா?" என்றாள். பழைய பெட்டியில் இன்னும் ஒன்பது இருக்கிறது, பிரிட்ஜ் கதவில், ஊறுகாய்க்குப் பக்கத்தில். இன்றைக்குப் பிப்ரவரி 20 தாண்டிவிட்டது, மார்ச் வரப்போகிறது. ஆடிட்டர் வருகிற வாரத்துக்கு அதை எடுத்து வைத்திருக்கிறேன்.